சரியாச் சொல்லு

முப்பத்தொன்றாம் எண் புத்தகத்தைச் சண்முகவடிவு மூன்றாம் முறையாக மூடிவைத்தாள். மூடிவைத்த கை அதன் மேலேயே கிடந்தது, எடுக்கவும் மனசில்லை, திறக்கவும் மனசில்லை. பதினாறே பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு. இருபத்தாறு வருஷம் பாடம் நடத்திய ஒரு தமிழாசிரியைக்கு இதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும். காலையிலிருந்து முப்பது புத்தகங்களை அப்படித்தான் புரட்டித் தள்ளியிருந்தாள், சரி என்றால் ஒரு டிக், ஆகாது என்றால் ஒரு பெருக்கல் குறி, காரணம் என்ற கட்டத்தில் ஒரு வரி, முடிந்தது சோலி. கோவில்பட்டியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் கூடம் அது. இன்றைக்குப் பயிற்சி இல்லை, மேசை மேல் ஒரு அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் நாற்பது பிள்ளைப் புத்தகங்கள். சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நூலகத்துக்கு இதில் எது போகலாம், எது போகக்கூடாது என்று நாலு மணிக்குள் சொல்லியாக வேண்டும். படத்தைப் பார்க்க ஓவிய வாத்தியார் பால்வண்ணன், மொழியைப் பார்க்க இவள், இருவர் சொல்வதையும் பட்டியலில் ஏற்ற ஜெனிட்டா என்ற ஒருங்கிணைப்பாளர்ப் பெண். இரண்டு பேரும் டிக் போட்டால்தான் புத்தகம் பள்ளிக்கூடம் போகும், ஒருவர் பெருக்கல் போட்டாலும் பெட்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். எழுதினவர் பேர் தெரிந்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று வந்துவிடுமாம். அதனால் எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுகிற மாதிரி பழுப்புத் தாளில் அட்டை போட்டு, உள்ளே பேர் இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி, மேலே வெறும் எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தாள் ஜெனிட்டா. காலையில் அது நல்ல ஏற்பாடு என்றுதான் சண்முகவடிவுக்குப் பட்டது. இப்போது அந்த வெள்ளைத் தாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

காலை எவ்வளவு சுளுவாகப் போனது. சிங்கம், நரி, முயல், கடைசிப் பக்கத்தில் ஒரு நீதி, டிக். மழை எப்படிப் பெய்கிறது என்று ஒரு படப் புத்தகம், 'ஆவியாகி' என்பதை 'ஆவியாகீ' என்று அச்சடித்திருந்தார்கள், பென்சிலால் சுழித்துவிட்டு டிக். பெரிய பிள்ளைகளுக்கான கதை ஒன்று, நூற்றிருபது பக்கம், வீட்டில் கோபித்துக்கொண்டு வெங்காய லாரியில் ஏறிப் போய்விடும் பன்னிரண்டு வயசுப் பெண்ணைப் பற்றியது. அதில் அந்தப் பெண் அப்பாவை எதிர்த்துப் பேசும் இடத்தில் பால்வண்ணன்தான் கொஞ்சம் நெளிந்தார், இவள் நெளியவில்லை. வாக்கியம் ஒவ்வொன்றும் கழுவி வைத்த மாதிரி இருந்தது, ஒற்று ஒன்றுகூட விடுபடவில்லை, எதிர்த்துப் பேசினால் பேசட்டும் என்று டிக் போட்டுவிட்டாள். வந்துச்சு, போச்சு, நின்னுச்சு என்று பேச்சில் எழுதிய நாலு புத்தகங்களுக்கு மட்டும் கைகூசாமல் பெருக்கல் போட்டாள். பிள்ளை எதைப் படிக்கிறதோ அதைத்தானே எழுதும், பரீட்சைத் தாளில் வந்துச்சு என்று எழுதினால் அதற்கு மார்க் குறைக்கப் போவதும் நாம்தானே என்று அவள் சொல்ல, பால்வண்ணனும் தலையாட்டினார். அப்புறம்தான் இது வந்தது. முதல் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் வயிற்றில் விரல் அகலத்துக்கு நீலமாய் ஒரு ஓடை. அடுத்த பக்கம் ஜன்னலுக்கு வெளியே மழை, ஓடை கொஞ்சம் அகலம். அடுத்த பக்கம் குழாய் சொட்டுகிறது, ஓடை ஆறாகிறது. காலைப் பின்னிக்கொண்டு அந்தப் பெண் சுண்டுவிரலைத் தூக்குகிறாள். 'டீச்சர், ஒண்ணுக்கு.' டீச்சருக்கு முகம் வரையவில்லை, சேலைக் கரை மட்டும், மேலே ஒரு மூக்குக்கண்ணாடி. டீச்சர் சொல்கிறாள், 'சரியாச் சொல்லு.'

அந்த வரியில்தான் மூன்று முறையும் கை மூடிக்கொண்டது. இவ்வளவுக்கும் அதற்கப்புறம் கதை சிரிப்பாய்த்தான் போகிறது. ஆறு கடலாகி, கடலில் கப்பல் வந்து, அந்தப் பெண் பெஞ்சு மேல் ஏறி நின்று 'ஒண்ணுக்கு' என்று பக்கம் நிறையக் கத்துகிறாள், வகுப்பே 'எங்களுக்கும்' என்று எழுந்து ஓடுகிறது, டீச்சரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். பால்வண்ணன் அதைப் பார்த்துவிட்டு நாற்காலி ஆடச் சிரித்தார். தானும் சின்ன வயசில் விரலைத் தூக்கித் தூக்கியே கை வலித்தவன் என்று சொல்லி, ஐம்பது வயசு மனுஷன் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார். படத்துக்குப் பத்துக்குப் பத்து என்று போட்டுவிட்டு டீ குடிக்க எழுந்து போயும்விட்டார். அவருக்கென்ன, அவர் விரலைத் தூக்கின ஆள். தூக்கின விரலைப் பார்த்த ஆள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சண்முகவடிவு நினைத்தாள், நினைத்த மறுநிமிஷமே அதை நினைக்காதது மாதிரி படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். மொழி: வட்டார வழக்கு. பேச்சு நடை. அநாகரிகமான சொல். காரணத்துக்கா பஞ்சம். காலையில் நாலு புத்தகத்துக்குச் சொன்ன அதே காரணம் இதற்கும் அச்சாய்ப் பொருந்துகிறது, யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. பெருக்கல் போட ஒரு விநாடி, பேனாவும் கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடி. மறுபடி திறந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு பக்கத்துக் காம்பு இல்லாமல், காதுக்குக் கறுப்பு நூல் கட்டியிருக்கிற கண்ணாடி. உலகத்தில் நூல் கட்டின கண்ணாடி போட்ட டீச்சர் ஒருத்திதானா இருந்திருப்பாள், இல்லை, எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் தொண்ணூற்றெட்டில், கல்யாணத்துக்கு முந்தின வருஷம், முதல் வேலையில், கண்ணாடியின் காம்பு ஒடிந்து மூன்று மாசம் நூல் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனவள் இவள்.

பஸ் நிற்காமல் போகும் ஒரு கரிசல்காட்டு ஊர், ஒன்றாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அதை இப்போது எதற்கு எடுக்க வேண்டும், மணி இரண்டே முக்கால், இன்னும் ஒன்பது புத்தகம் பாக்கி. முப்பத்திரண்டாம் எண்ணை எடுத்து இரண்டு பக்கம் படித்தாள், யானை, பலூன், ஒன்றும் ஏறவில்லை, கீழே வைத்தாள். வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேசையில் விழுந்துகொண்டிருந்தது. சட்டென்று ஒரு எண்ணம் வந்தது, வந்ததும் வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் பக்கத்தில் யாருமில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு புத்தகத்தின் உட்பக்கத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள். வெள்ளைத் தாளுக்குப் பின்னால் எழுத்து நிழலாய்த் தெரிந்தது. பூராவும் தெரியவில்லை. முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் பிடிபட்டது. மு. முத்துப்பேச்சி. ஆறு வயசு, எண்ணெய் வழிய வாரிவிட்ட தலை, பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருக்கும். இப்போது முப்பது தாண்டியிருக்கும் அவளுக்கு. எழுதுகிற வயசுதான். வெள்ளைத் தாளின் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்தால் வந்துவிடும், கொடுக்கலாமா என்று நகம் போனது, கூடத்துக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பி வந்தது. தமிழாசிரியை ஒட்டின தாளைக் கிழித்தாள் என்றால் மானம் போய்விடும். இருபத்தாறு வருஷமாக எதற்கு மானம் போகாமல் இருந்ததோ அதுவே பதினாறு பக்கத்தில் படமாக வந்திருந்தால் என்ன செய்வது என்றும் கூடவே தோன்றியது.

செருப்புச் சத்தம் ஜெனிட்டாவுடையது. இன்னும் எத்தனை டீச்சர் என்று எட்டிப் பார்த்தாள். ஆயிற்று ஆயிற்று என்றாள் இவள், சொல்லிவிட்டு, ரெஸ்ட் ரூம் எந்தப் பக்கம்மா என்று கேட்டாள். காலை பத்து மணிக்குக் குடித்த தண்ணீர், பள்ளிக்கூடத்தில் பழகிப்போன உடம்பு, அடக்குவது ஒன்றும் புதிசில்லை. பெண் டீச்சர்கள் எல்லாரும் அப்படித்தான், பத்து மணிக்கு மேல் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை. ஜெனிட்டா கை காட்டின பக்கம் போய்விட்டு, முகத்தைக் கழுவும்போதுதான் ரெஸ்ட் ரூம் என்று தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கு உறைத்தது. வீட்டில் பாத்ரூம், வெளியே ரெஸ்ட் ரூம், அம்மா இருந்தவரை அம்மாவிடம் 'ஒண்ணுக்கு', டாக்டரிடம் யூரின். சிறுநீர் என்ற சொல்லை வாழ்நாளில் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லி நான் எங்கேயாவது போயிருக்கிறேனா. ஒரு தடவை இல்லை. ஆறு வயசுப் பிள்ளையைத்தான் சொல்லச் சொன்னேன். முகத்தில் தண்ணீர் வழிய அப்படியே நின்றாள், முந்தானையை எடுத்துத் துடைக்கத் தோன்றவில்லை.

அப்போது அது எவ்வளவு பெருமையான விஷயமாக இருந்தது. கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு அடித்து, 'நல்ல தமிழில் பேசுவோம்' என்று தலைப்புப் போட்டு, கீழே அழகான கையெழுத்தில் அவளே எழுதியிருந்தாள். அம்மா, உள்ளே வரலாமா. அம்மா, தண்ணீர் அருந்தச் சென்று வரட்டுமா. அம்மா, சிறுநீர் கழிக்கச் சென்றுவர அனுமதி தாருங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, ஒன்றாம் வகுப்பிலேயே இப்படியா என்று தலைமையாசிரியர் முன்னால் வைத்துப் பாராட்டினார். இருபத்து நாலு வயசில் பாராட்டு கிடைத்தால் தலை எங்கே நிற்கும். அதற்கு மறுவாரம் முதல் யாரும் ஒண்ணுக்கு என்று கேட்கக்கூடாது, ரெண்டுக்கு என்று கேட்கக்கூடாது, முழுசாகச் சொன்னால்தான் வெளியே விடுவது என்று சட்டம் போட்டாள். பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைகள், பாட்டு மாதிரி ஒப்பித்துவிட்டு ஓடின. முத்துப்பேச்சிக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. எழுந்து நின்றாள், டீச்சர் ஒண்ணுக்கு வருது என்றாள். சரியாச் சொல்லு. அம்மா, சிறுநீரு, கழி, கழிச்சு. பின்னால் ஒரு பிள்ளை சிரித்தது. முதல்லருந்து சொல்லு. அம்மா, சிறுநீரு. அதோடு நின்றுவிட்டது. சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள். இவள் என்ன சொன்னாள், வாய் இல்லையா உனக்கு என்று கேட்டாள், கோபத்தில்கூட இல்லை, விளையாட்டாய்த்தான் கேட்டாள், அதுதான் இப்போது நினைத்தால் தாங்கவில்லை. மூன்றாம் தடவை அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது, சொல் வரவில்லை. பாவாடை நனைந்து, தரையில் இறங்கி, பெஞ்சுக்கு அடியில் கோடாக ஓடி, கரும்பலகைச் சுவர் வரைக்கும் வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. இவள் உடனே போய்த் துணி எடுத்துவந்து துடைத்துவிட்டாள்.

இல்லை. இத்தனை வருஷமாக மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், நான் துடைத்தேன், நான்தான் துடைத்தேன் என்று. அப்படி நடக்கவில்லை. மூலையில் கிடந்த கோணியைக் காட்டி, போய் எடுத்துட்டு வந்து நீயே துடை என்றாள். பிள்ளை நனைந்த பாவாடையோடு குந்தி உட்கார்ந்து துடைத்தது, அழவில்லை, ஓரத்திலெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கோணியை எங்கே வைக்க என்று இவளை ஏறிட்டுப் பார்த்தது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் நினைத்தாள், போனால் அவள் அம்மா என்ன கேட்பாளோ என்று தள்ளிப்போட்டாள், பிள்ளையைச் சித்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று யாரோ சொன்னதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிக்காகவும் இன்றைக்கு வெட்கப்பட வேண்டியிருக்கிறது. அப்புறம் கல்யாணம், மாறுதல், பதவி உயர்வு. நடுவில் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பஸ்ஸில் பார்த்தபோது, அந்தப் பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போவதாகச் சொன்னார். இன்னொரு தடவை வேறொருத்தி, இல்லை டீச்சர், அது மதுரையில் நர்சுக்குப் படிச்சுது என்றாள். இரண்டில் எது நிஜமோ. இரண்டும் வேறு வேறு முத்துப்பேச்சியாகக்கூட இருக்கலாம், அந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு முத்துப்பேச்சி உண்டு. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருந்தால். எழுதுகிறவளாக இருந்தால். நடந்ததை நடந்தபடி எழுதாமல், பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றிக் கத்தவிட்டு, டீச்சரையும் பின்னாலேயே ஓடவிட்டுச் சிரிக்கவைக்கிற அளவுக்கு ஆளாகியிருந்தால்.

கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது இந்த நினைப்பு அவளை விடவில்லை. இதுவரை பயந்துகொண்டிருந்தாள், மு என்ற எழுத்தைப் பார்த்ததிலிருந்து பயம்தான், புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போய், யாராவது விசாரித்து, அந்த டீச்சர் யார் என்று கேட்டு, அது இவள்தான் என்று ஆகிவிடுமோ என்ற பயம். இப்போது அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து துடித்தது. அவளாகவே இருக்கட்டும். ஊரெல்லாம் தெரிந்தாலும் தெரியட்டும், கண்ணாடியும் நூலும் நான்தான் என்று நானே சொல்லிவிடுகிறேன், அவளாக மட்டும் இருக்கட்டும் கடவுளே. பேனாவைத் திறந்தாள். காலையில் பெருக்கல் போட்ட நாலு புத்தகங்களையும் பெட்டியிலிருந்து எடுத்து எதிரே வைத்தாள். வந்துச்சு, போச்சு, நின்னுச்சு. இவற்றையும் யாரோ ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்வதாக நினைத்துப் படித்துப் பார்த்தாள். படிவத்தில் நாலு பெருக்கலையும் அடித்துவிட்டு டிக் போட்டாள், அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் முறைப்படி கையெழுத்தும் போட்டாள். முப்பத்தொன்றுக்கு நேரே டிக் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில், பிள்ளைகள் இப்படித்தான் கேட்பார்கள் என்று எழுதினாள். எழுதியதில் பிழை இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மீதி ஒன்பதையும் முடித்தபோது மணி நாலடிக்க ஐந்து நிமிஷம்.

பால்வண்ணன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். தேர்வானவற்றின் பேரையும் எழுதினவர் பேரையும் பட்டியலில் ஏற்ற வேண்டும், அதற்காக ஜெனிட்டா அட்டைகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். முதல்ல முப்பத்தொண்ணைப் பிரிம்மா என்றாள் சண்முகவடிவு. அந்தப் பெண் ஏன் என்று கேட்காமல் பழுப்புத் தாளை உருவி, உள்ளே ஒட்டியிருந்ததைப் பக்குவமாகப் பிய்த்து எடுத்தாள். எடுக்கிற வரைக்கும் சண்முகவடிவு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மு. ஞானவரதன்னு போட்டிருக்கு டீச்சர். கும்பகோணம் பக்கமாம். ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவராம்."

ஆணா என்று கேட்டாள் இவள், கேட்கத் தேவையே இல்லை, ஆனாலும் கேட்டாள். ஆமாம், பின்பக்கம் போட்டோ இருக்கிறது, தாத்தாவாக இருக்கிறார் என்றாள் ஜெனிட்டா. மு என்பது வெறும் இனிஷியல். அவர் அப்பா முருகையனோ முத்தையனோ, யாருக்குத் தெரியும். சண்முகவடிவு பிறப்பதற்கு முன்னாலேயே, வேறொரு ஜில்லாவில், வேறொரு வகுப்பில், நூல் கட்டின கண்ணாடி போட்ட யாரோ ஒருத்தியிடம் அந்த மனுஷர் விரலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். இந்தப் படத்தில் தான் இல்லை. எந்தப் புத்தகத்திலும் தான் இல்லை, யாரும் வந்து கேட்கப் போவதில்லை. அப்பாடா என்றல்லவா இருக்க வேண்டும், அப்படி இல்லை, கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள், துடைத்த பிறகும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. தெரிஞ்சவங்களா இருக்கும்னு நெனச்சீங்களா டீச்சர் என்று ஜெனிட்டா மெதுவாகக் கேட்டாள். எங்கிட்ட படிச்ச பிள்ளையோன்னு பார்த்தேன் என்று தொடங்கினாள் இவள், அது பொய் என்று தோன்றி அங்கேயே நிறுத்தினாள்.

"படிச்ச பிள்ளை இல்லம்மா. பதினஞ்சு நாள் வந்த பிள்ளை."

ஜெனிட்டாவுக்கு அது விளங்கவில்லை, விளங்காததை அவள் மேற்கொண்டு கிளறவும் இல்லை, முப்பத்தொன்றை எழுதிக்கொண்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். மீதியை நான் பிரிக்கிறேன், நீ எழுது என்று சண்முகவடிவு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பஸ் போய்விடுமே டீச்சர் என்றதற்கு, போனால் போகட்டும் என்றாள். ஒன்றாம் எண்ணை எடுத்து அட்டைத் தாளுக்குள் நகத்தைக் கொடுத்துக் கிழித்தாள். பேரைப் படித்தாள். இல்லை. அடுத்ததை எடுத்தாள்.